கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க!

கல்லூரியில் என்னோடு பி.காம். படித்த நண்பன் ஒருவன். ஆள் வாட்டசாட்டம். மூன்று பேர் உட்காரும் பெஞ்சில் அவன் உட்கார்ந்தால் இன்னும் ஒருவருக்குத்தான் இடம். யாராவது கேலி செய்தால் முதலில் சிரிப்பவன் அவன்தான். அப்படிப்பட்டவன், குடும்பத்தோடு அமெரிக்கா போய்விட்டு வந்து, ஊர்க் கதையெல்லாம் சொல்லி முடித்த பிறகு, குரலை இறக்கிக்கொண்டு ஒரு விஷயம் சொன்னான்.

அங்கே ஒரு தீம் பார்க். ரோலர் கோஸ்டருக்கு ஒன்றேகால் மணி நேரம் க்யூ. வியர்த்து விறுவிறுத்து மேலே போய், பத்து வயது மகளோடு சீட்டில் உட்கார்ந்தாயிற்று. மடிமேல் ஒரு கம்பி இறங்குகிறது. இவன் வயிற்றில் வந்து நிற்கிறது. அதற்குமேல் இறங்க மாட்டேன் என்கிறது. சீருடை போட்ட ஒரு சின்னப் பையன் வந்து அழுத்திப் பார்க்கிறான். இன்னொரு முறை அழுத்துகிறான். அப்புறம், "ஸாரி ஸார், நீங்க இறங்கிடுங்க."

"வண்டி நிறைய ஆளுங்கடா. எல்லாரும் என்னையே பார்க்கறாங்க. அந்தப் பக்கம் இருக்கற கேட் வழியா தனியா இறங்கி வந்தேன். பொண்ணு ஒருத்தியா போயிட்டு வந்தா. வந்து கேக்கறா, 'உனக்கு மட்டும் ஏம்ப்பா இடம் இல்ல?'ன்னு. என்ன பதில் சொல்றது? குண்டா இருக்கறவன் மனுஷன் இல்லையா? நீ இதைப் பத்தி எழுதணும்."

"கண்டிப்பா எழுதறேன்"னு சொல்லிவிட்டேன். சூடாக நாலு வார்த்தை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அதற்காகக் கொஞ்சம் படிக்கப் போனேன். படித்த பிறகு, நான் எழுத நினைத்தது ஒன்று, எழுதுவது வேறொன்று என்று ஆகிவிட்டது. நண்பன் மன்னிக்க வேண்டும்.

முதலில் அந்தக் கம்பியைப் பற்றி. 'லேப் பார்' என்பார்கள். ரோலர் கோஸ்டர் உச்சியைத் தாண்டித் தலைகுப்புற இறங்கும்போது, வண்டி தண்டவாளத்தோடு கீழே போகிறது. உங்கள் உடம்பு அந்த உத்தரவை உடனே கேட்பதில்லை. வந்த வேகத்தில் நேராகவே போகப் பார்க்கிறது. சீட்டை விட்டு எழும்புகிறது. அடிவயிற்றில் 'ஜிவ்'வென்று ஒன்று வருகிறதே, அதற்குத்தான் டிக்கெட். அந்த நொடியில் உங்களையும் வண்டியையும் சேர்த்து வைத்திருப்பது அந்தக் கம்பிதான்.

கம்பி எங்கே உட்கார வேண்டும்? தொடையின் மேல், இடுப்பெலும்பை ஒட்டி. எலும்பு அமுங்காது. வயிறு அமுங்கும். அதுதான் சிக்கலே! தொப்பை மேல் நிற்கிற கம்பி, வண்டி நிற்கும்போது 'கும்'மென்று இறுக்கமாகத்தான் இருக்கும். வண்டி தூக்கிப் போடும்போது வயிறு அமுங்கி வழிவிடும். உடம்பு கம்பிக்கு அடியில் நழுவும். ஆக, இறுக்கமாக இருப்பது வேறு, பாதுகாப்பாக இருப்பது வேறு. உட்கார்ந்திருப்பவருக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது.

இது குண்டானவர்கள் பிரச்னை மட்டும் என்று ஒல்லியான வாசகர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். பழைய மர ரோலர் கோஸ்டர்கள் பலவற்றில் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கம்பி. அது அப்பாவின் தொப்பையில் வந்து நின்றுவிடும். பக்கத்தில் இருக்கும் மகளுக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு தலையணையே வைக்கலாம். பெரியவரை ஏற்றிக்கொண்ட கருணைக்குச் சின்னவள் விலை கொடுப்பாள். அதனால்தான் 48 அங்குலம், 54 அங்குலம் என்று வாசலில் உயரக் கோடு போடுகிறார்கள். குழந்தை அழுதாலும் அந்தக் கோட்டை யாரும் அழிப்பதில்லை. அதை யாரும் அவமானம் என்றும் சொல்வதில்லை.

இனி மூன்று சம்பவங்கள்.

2011 ஜூலை. நியூயார்க் மாநிலத்தில் டேரியன் லேக் பார்க். இராக் போரில் இரண்டு கால்களையும் இழந்த 29 வயது முன்னாள் ராணுவ வீரர் ஒருவர், குடும்பத்தோடு வந்திருக்கிறார். அங்குள்ள ரோலர் கோஸ்டர் 200 அடிக்கு மேல் உயரம். அதில் ஏற இரண்டு கால்களும் இருக்க வேண்டும் என்பது விதி. காரணம் எளிது. கம்பி பிடிப்பது தொடையை. பிடிக்கத் தொடை இல்லாவிட்டால் கம்பி எதைப் பிடிக்கும்? ஆனால் அவரை ஏற்றினார்கள். ஓடும் வண்டியிலிருந்து தூக்கி எறியப்பட்டு அவர் இறந்தார். ராட்டினத்தில் கோளாறு இல்லை, ஊழியர்கள் விதியைக் கடைப்பிடிக்கவில்லை என்றது மாநிலத் தொழிலாளர் துறை.

அந்த ஊழியர் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். நாட்டுக்காகக் கால்களைக் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறார் ஒருவர். அவரிடம் போய், 'உங்களுக்குக் கால் இல்லை, இறங்குங்க' என்று சொல்ல உங்களுக்கு நாக்கு எழும்புமா? எனக்கு எழும்பாது. நானும் ஏற்றியிருப்பேன். என்னைத் தூங்கவிடாமல் செய்தது இந்த எண்ணம்தான்.

2013 ஜூலை. டெக்சாஸில் சிக்ஸ் ஃப்ளாக்ஸ் பார்க். 'டெக்சாஸ் ஜயன்ட்' என்ற ரோலர் கோஸ்டர். 52 வயதுப் பெண்மணி ஒருவர் உட்காருகிறார். கம்பி இறங்கும்போது மற்றவர்களுக்குப் பல முறை 'க்ளிக்' சத்தம் கேட்க, தனக்கு ஒரே ஒரு 'க்ளிக்'தான் கேட்டது என்று அவர் கவலைப்பட்டதாகவும், ஒரு முறை கேட்டால் போதும் என்று ஊழியர் சொன்னதாகவும், நேரில் பார்த்த ஒருவர் பத்திரிகையிடம் சொன்னார். வண்டி திரும்பி வந்தபோது அந்த சீட்டில் அவர் இல்லை. இயந்திரக் கோளாறு எதையும் காணவில்லை என்றது நிர்வாகம்.

மூன்றாவது, 2022 மார்ச் 24. புளோரிடாவின் ஆர்லாண்டோ நகரில் 430 அடி உயரக் கோபுரம். இது தண்டவாளத்தில் ஓடுகிற கோஸ்டர் அல்ல. கோபுரத்தைச் சுற்றி சீட்டுகளை மேலே கொண்டு போய், அங்கிருந்து 'தொப்'பென்று கீழே விடுகிற ராட்டினம். மடிக்கம்பிக்குப் பதிலாகத் தோள் வழியாக இறங்குகிற ஹார்னஸ். வேறு மாநிலத்திலிருந்து சுற்றுலா வந்த 14 வயதுப் பையன் ஏறினான். வயது 14 என்றாலும் உயரம் 6 அடிக்கு மேல், எடை சுமார் 174 கிலோ. அந்த ராட்டினத்தைச் செய்த கம்பெனியின் கையேட்டில் இருந்த உச்சவரம்பு 130 கிலோ. கீழே வந்து பிரேக் பிடித்த வேகத்தில், சீட்டுக்கும் ஹார்னஸுக்கும் நடுவிலிருந்த இடைவெளி வழியே நழுவி விழுந்தான். இறந்து போனான்.

மற்ற ராட்டினங்களில் தன் மகனை ஏற்ற மறுத்துவிட்டார்கள், இதில் மட்டும்தான் 'நீ ஏறலாம்' என்றார்கள் என்று தந்தை பின்னால் ஒரு பேட்டியில் சொன்னார்.

ஏறலாம்! காலையிலிருந்து 'முடியாது' கேட்டுக்கேட்டு மனசு நொந்த ஒரு பிள்ளைக்கு, அந்த ஒரு 'ஏறலாம்' எவ்வளவு இனித்திருக்கும்?

அந்தப் பையனை ஏற்றியது எப்படி? ஹார்னஸ் சரியாக இறங்காவிட்டால் ராட்டினம் கிளம்பவே கிளம்பாதே! ஒவ்வொரு சீட்டிலும் சென்ஸார் உண்டு. ஹார்னஸ் போதுமான அளவு இறங்கினால்தான் விளக்கு எரியும், அப்புறம்தான் வண்டி நகரும்.

புளோரிடாவில் ராட்டினங்களைக் கண்காணிப்பது விவசாயத் துறை. (ஆமாம், விவசாயத் துறைதான்!) அவர்கள் நிபுணர்களை வைத்து ஆராய்ந்தபோது தெரிந்தது இது: அவன் உட்கார்ந்த சீட்டின் சென்ஸாரை யாரோ கையால் தளர்த்தி, நகர்த்தி, மறுபடி முடுக்கியிருக்கிறார்கள். வழக்கமான இடைவெளியைப் போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு திறந்திருந்தாலும், 'எல்லாம் சரி' என்று விளக்கு எரியும்படி. ஆங்கில அறிக்கையில் இதற்கு ஒரு சொல் போட்டிருந்தார்கள். நமக்கு ரொம்பப் பழக்கமான சொல்.

அட்ஜஸ்ட்!

படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. பஸ்ஸில், ரயிலில், கல்யாணப் பந்தியில், ரேஷன் கடையில் நாம் தினமும் சொல்கிற மந்திரம் அல்லவா அது? "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க ஸார்." இந்த ஒரு வார்த்தையில்தான் நம் ஊரே ஓடுகிறது. மூன்று பேர் சீட்டில் நாலு பேர் உட்காருவதும் அதனால்தான். அதில் அன்பும் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஒரு கேள்வி: நாம் எதை அட்ஜஸ்ட் செய்கிறோம்?

அட்ஜஸ்ட்மென்ட்டில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, வருகிற ஆளுக்காக சீட்டை மாற்றுவது. இன்னொன்று, சீட்டை அப்படியே வைத்துக்கொண்டு எச்சரிக்கை விளக்கை மாற்றுவது. முதலாவது உழைப்பு, செலவு. இரண்டாவதற்கு ஒரு ஸ்பானர் போதும். பார்க்க இரண்டுமே இரக்கம் மாதிரிதான் தெரியும். இரண்டிலுமே அந்தப் பையன் 'ஏறலாம்' என்ற வார்த்தையைக் கேட்டிருப்பான்.

வணிகவியல் படித்தவன் என்பதால் கணக்கும் பார்த்தேன். அந்தக் கோபுரத்தில் 30 சீட். ஹார்னஸையும் சீட்டையும் இணைக்க ஒரு பெல்ட் போட்டிருந்தால் அத்தனைக்கும் சேர்த்து ஆகியிருக்கும் செலவு 660 டாலர் என்றார்கள் பையனின் பெற்றோர் தரப்பு வழக்கறிஞர்கள். நம் பணத்தில் சுமார் அறுபதாயிரம். 2024 டிசம்பரில் ஆர்லாண்டோ ஜூரி, ராட்டினத்தைச் செய்த ஆஸ்திரியக் கம்பெனி அந்தப் பெற்றோருக்குத் தர வேண்டும் என்று சொன்ன தொகை 31 கோடி டாலர். கம்பெனி கோர்ட்டுக்கே வரவில்லை. கோபுரத்தை 2023-லேயே பிரித்துவிட்டார்கள். பற்றும் வரவும் எப்படிப் போட்டுப் பார்த்தாலும் பிள்ளை வரவில் வரவே மாட்டான்.

'என் உயிர், என் ரிஸ்க். நான் ஏறுவேன். தடுக்க நீ யார்?' என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். மலை ஏறுகிறவரை யாரும் தடுப்பதில்லையே! ஆனால் மலை ஏறுகிறவருக்குத் தான் எதில் கால் வைக்கிறோம் என்று தெரியும். ராட்டினத்தில் உட்கார்ந்தவருக்கு என்ன தெரியும்? 'க்ளிக்' சத்தம் தெரியும். விளக்கு தெரியும். அதை நம்பித்தான் கையைத் தூக்கிக் கூவுகிறார். விளக்கே பொய் சொன்னால் அவர் எடுத்தது ரிஸ்க் இல்லை. அவருக்குத் தெரியாமல் அவர் தலையில் கட்டப்பட்டது.

யாருக்கும் தீங்கில்லாத நன்மை தருமானால் பொய்யும் உண்மைக்குச் சமம் என்று நமக்கு வள்ளுவர் ஒரு சலுகை கொடுத்திருக்கிறார். அந்தச் சலுகையை நாம் அளவுக்கு மீறிப் பயன்படுத்துகிறோமோ என்று தோன்றுகிறது. மனசு நோகாமல் இருக்கச் சொல்கிற பொய், உடம்பு நொறுங்குகிற இடத்தில் செல்லாது.

சரி, அப்படியென்றால் என் நண்பனை இறக்கிவிட்டது முழுக்க நியாயமா? அங்கேதான் இன்னொரு பக்கம் இருக்கிறது.

'சீட்டுக்கு நீ பொருந்தவில்லை' என்கிறோம். 'உனக்கு சீட் பொருந்தவில்லை' என்று ஏன் சொல்வதில்லை? சீட் வானத்திலிருந்து விழவில்லை. யாரோ ஒருவர் மேஜையில் உட்கார்ந்து, யாரோ ஒரு மனிதனை மனதில் வைத்து வரைந்ததுதான். அந்த மனிதன் யார்?

1950-ல் அமெரிக்க விமானப் படை இப்படித்தான் ஒரு கேள்வி கேட்டது. அதுவரை விமானி அமரும் இடத்தை 'சராசரி' விமானியின் அளவுக்குச் செய்து வந்தார்கள். கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளம் ஆராய்ச்சியாளர், 4,063 விமானிகளின் உடல் அளவுகளை எடுத்து வைத்துக்கொண்டு, உயரம், மார்பு, கை நீளம் என்று பத்து அளவுகளிலும் சராசரியை ஒட்டி இருப்பவர்கள் எத்தனை பேர் என்று பார்த்தார். விடை: பூஜ்யம். ஒருத்தர்கூட இல்லை! சராசரி மனிதனுக்குச் செய்த சீட், யாருக்குமே செய்யாத சீட். அதற்கப்புறம்தான் முன்னே பின்னே, மேலே கீழே நகர்கிற சீட்டுகளை வைக்கச் சொன்னார்கள். இன்று உங்கள் காரில் சீட்டுக்கு அடியில் கையை விட்டு இழுக்கிறீர்களே, அதே யோசனைதான். விளக்கை மாற்றாமல் சீட்டை மாற்றுகிற ஜாதி.

ராட்டினக்காரர்களும் இதைச் செய்யத் தெரியாதவர்கள் இல்லை. 2010-ல் ஆர்லாண்டோ யுனிவர்சலில் ஹாரி பாட்டர் ராட்டினம் திறந்தபோது, பருமனானவர்கள் பலரைத் திருப்பி அனுப்ப வேண்டி வந்தது. வாசலிலேயே ஒரு மாதிரி சீட்டை வைத்தார்கள், க்யூவில் நிற்கும் முன்பே உட்கார்ந்து பார்த்துக்கொள்ளலாம். சில மாதங்களில் சில சீட்டுகளையே பெரிய உடம்புக்கு ஏற்ற மாதிரி மாற்றினார்கள். டெக்சாஸ் ஜயன்ட்டும் அந்த விபத்துக்குப் பின் 2013 செப்டம்பரில் திறந்தபோது, கம்பியின் அமைப்பை மாற்றி, பெல்ட் சேர்த்து, வாசலில் மாதிரி சீட் வைத்துத்தான் திறந்தது. ஆளைப் பறிகொடுத்த பிறகு வந்த புத்தி. ஆனாலும் சரியான புத்தி.

எல்லா உடம்புக்கும் ஒரே சீட் செய்ய முடியாது என்பதும் உண்மை. எவ்வளவு விரித்தாலும் ஓர் எல்லை வரும். அந்த எல்லையை வாய்விட்டுச் சொல்லத்தான் வேண்டும். 2023-ல் ஹாலிவுட் யுனிவர்சலில் ஒரு புது ராட்டினத்துக்கு, இடுப்பு 40 அங்குலத்துக்கு மேல் இருந்தால் இடம் கிடைக்காமல் போகலாம் என்று முன்கூட்டியே அறிவித்தார்கள். '40 அங்குலத்துக்கே இடமில்லையா' என்று பலர் கோபப்பட்டார்கள், சிலர் ஜோக் அடித்தார்கள். கோபம் நியாயம். சீட்டை இன்னும் பெரிதாகச் செய்திருக்கலாமே என்று கேட்கலாம். ஆனால் அறிவித்தது தப்பில்லை. சொல்லாமல் ஏற்றிக்கொண்டிருந்தால் அல்லவா தப்பு?

இதில் என்னை உறுத்துகிற இன்னொரு விஷயம், அந்த 'முடியாது' என்ற வார்த்தையை யார் வாயில் வைத்திருக்கிறோம் என்பது. வரைந்த இன்ஜினீயர் சொல்வதில்லை. டிக்கெட் விற்ற கம்பெனி சொல்வதில்லை. கோடை விடுமுறைக்கு வேலைக்கு வந்த சின்னப் பையன் சொல்ல வேண்டும். பின்னால் நூறு பேர் காத்திருக்க, வண்டி கிளம்பத் தாமதமாக, எதிரே அப்பா வயதில் ஒருவர் முறைத்துக்கொண்டிருக்க, சில நொடிகளில் சொல்ல வேண்டும். மேலே இருப்பவர்கள் வாசலில் சொல்லியிருக்க வேண்டிய கஷ்டமான உண்மையை, கடைசிப் படியில், மிகக் குறைந்த சம்பளக்காரன் தலையில் கட்டுகிறோம். அவன் சொல்லாவிட்டால் ஓர் உயிர் போகும். சொன்னால் ஒரு மனசு உடையும்.

நம் ஊரில் மட்டும் என்ன? 'இந்தப் பிள்ளைக்கு இந்தப் படிப்பு வராது' என்று வாத்தியார் சொல்வதில்லை. 'இந்தச் சம்பளத்துக்கு இவ்வளவு கடன் தாங்காது' என்று கடன் கொடுப்பவர் சொல்வதில்லை. எல்லாரும் நல்லவர்கள். எல்லாரும் பச்சை விளக்கு காட்டுகிறார்கள். மேலே ஏறின பிறகுதான் நமக்கே தெரிகிறது, கம்பி தொடையில் இல்லை, தொப்பையில் நிற்கிறது என்று.

நண்பனுக்கு ஃபோன் செய்தேன். மூன்று சம்பவங்களையும் சொன்னேன். அந்த முன்னாள் ராணுவ வீரர் கதையில் 'அடப் பாவமே' என்றான். 14 வயதுப் பையன் கதையை முடித்தபோது மறுமுனையில் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று இரண்டு முறை 'ஹலோ' என்றேன்.

"இருக்கேன்டா" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பையனை நான் ரொம்பத் திட்டிட்டேன். தமிழ்லதான், ஆனா அவனுக்குப் புரிஞ்சிருக்கும்."

"அவன் கடமையைத்தானே செஞ்சான்?"

"செஞ்சான். ஒத்துக்கறேன். அவன் விட்டிருந்தா என் பொண்ணு என்னத்தைப் பார்த்திருப்பாளோ... ஆனா ஒண்ணுடா. ஒன்றேகால் மணி நேரம் நிக்க வெச்சு, அத்தனை பேர் முன்னாடி சொன்னதை, வாசல்லயே ஒரு சீட்டைப் போட்டு, 'உக்காந்து பாருங்க'ன்னு சொல்லியிருக்கலாம்ல?"

சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்க வேண்டும்.